பழுப்புத் தாளில் கிறிஸ்துமஸ் பரிசு

தமிழ்நாட்டில் பள்ளி நோட்டுகளுக்கு அட்டை போடும் பிரவுன் பேப்பர், இங்கிலாந்தில் நெடுங்காலம் மளிகைக்கடைத் தாளாகவே இருந்தது. கப்பல்களில் உழைத்துத் தேய்ந்த கயிறுகளையும் பழைய சாக்குகளையும் கூழாக்கி அதைச் செய்தார்கள். கயிற்றில் ஊறிய தார் நீக்கப்படாததால் தாளும் பழுப்பாகவே இருந்தது. 1879-இல் ஜெர்மானிய வேதியியலாளர் கார்ல் டால் மரத்துண்டுகளைக் காஸ்டிக் சோடாவுடனும் சோடியம் சல்பைடுடனும் வேகவைக்கும் முறையைக் கண்டார். நீண்ட நார்கள் சிதையாமல் தங்கியதால் தாள் எளிதில் கிழியவில்லை. இன்றைய கிராஃப்ட் தாள் இந்த முறையில் வந்ததே.

விக்டோரியா காலத்து வசதியான வீடுகளில் பரிசை வெள்ளை டிஷ்யூ தாளில் சுற்றி ரிப்பன் கட்டினார்கள். பழுப்புத் தாளுக்குக் கிடைத்தது வெளியுறை வேலைதான். பிரிட்டனில் 1883-இலும் அமெரிக்காவில் 1913-இலும் அஞ்சல் துறை பார்சல் சேவையைத் தொடங்கியபின் அந்த வேலை பெருகியது. பசைநாடா இல்லாத காலம் அது. சணல் நூலும் அரக்கும்தான் பொதியைக் காத்தன.

பெயர்ச்சீட்டு சரக்குக் கிடங்கிலிருந்து வந்தது. நூல் கோக்கும் துளை கிழிந்து சரக்கு முகவரியில்லாமல் நிற்பது வணிகர்களுக்குப் பெருந்தொல்லை. அமெரிக்காவின் டென்னிசன் நிறுவனம் துளையைச் சுற்றிக் காகித வளையம் ஒட்டி, 1863-இல் காப்புரிமை பெற்றது. மிக எளிய, மிக நேர்த்தியான தீர்வு. பின்னாளில் அதே நிறுவனம் ஹாலி இலையும் சாண்டாவும் அச்சிட்ட கிறிஸ்துமஸ் சீட்டுகளை விற்றது.

1917 கிறிஸ்துமஸின்போது கான்சாஸ் சிட்டியில் ஹால் சகோதரர்களின் கடையில் டிஷ்யூ தாள் தீர்ந்தது. கடித உறைகளின் உட்புறம் ஒட்டவென பிரான்சிலிருந்து வந்த வண்ணத் தாள்களைத் தாளுக்குப் பத்து சென்ட் என்று வைத்தார்கள், உடனே விற்றுப்போயின. ஹால்மார்க் என்று பின்னர் பெயர்பெற்ற அந்த நிறுவனம் விரைவில் தானே பரிசுத்தாள் அச்சிடத் தொடங்கியது. 1930-இல் ஸ்காட்ச் டேப் வந்ததும் நூலின் தேவை குறைந்தது.

பழுப்புத் தாளைப் பரிசின் அருகே மீண்டும் கொண்டுவந்தது போர்க்காலத் தட்டுப்பாடு. 1941-இல் பிரிட்டிஷ் அரசு, உணவும் கடையே வீட்டுக்கு அனுப்பும் பொருட்களும் தவிர மற்றவற்றைக் கடைக்காரர்கள் தாளில் சுற்றித் தரத் தடை விதித்தது. பழைய தாளைச் சுருக்கம் நீக்கி மறுபடி பயன்படுத்துவதும், நூலை முடிச்சவிழ்த்துச் சேர்த்துவைப்பதும் வீட்டு வழக்கமாயின.

இன்று அதே தாள் விரும்பியே தேர்ந்தெடுக்கப்படுகிறது. உருளைக்கிழங்கை வெட்டிச் செதுக்கிய அச்சால் வெள்ளை நட்சத்திரங்கள் பதித்து, சணல் நூலில் ரோஸ்மேரிக் கிளையைச் செருகுகிறார்கள். போன ஆண்டின் வாழ்த்து அட்டையை நறுக்கினால் பெயர்ச்சீட்டு தயார். மினுக்குத் தூளும் உலோகப் பூச்சும் உள்ள பரிசுத்தாள்களை மறுசுழற்சி செய்ய முடிவதில்லை. பிளாஸ்டிக் நாடா ஒட்டாத பழுப்புத் தாள் எளிதில் மறுபடி கூழாகும்.