கரை யாருடையது? ஹொங்கொங் படகுச் சேவையும் தரைப்போக்குவரத்தும்: ஒரு வரலாற்று நோக்கு

ஹொங்கொங்கின் விக்ரோரியா துறைமுகத்தைக் கடந்து செல்லும் ஸ்ரார் ஃபெரிப் படகுகளைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். அவற்றுட் பெரும்பாலானவை பயண நினைவுகளாகவோ சுற்றுலாப் புகழுரைகளாகவோ அமைந்துள்ளன. கரையிறங்கிய பயணி எங்கே செல்கிறான், எதிற் செல்கிறான், அதற்கென எவ்வளவு கொடுக்கிறான் என்னும் வினாக்கள் அவற்றில் எழுவதில்லை. நகரப் படகுச் சேவையைத் தரைப்போக்குவரத்துடன் நிலைபேறான முறையில் இணைத்தல் பற்றி இன்று திட்டமிடலாளர் பெரிதும் பேசுகின்றனர். நேர அட்டவணை, எரிபொருள், இறங்குதுறையின் வடிவமைப்பு என்பனவே அவர்தம் அக்கறைகள். இவை முக்கியமானவையே. ஆயினும் இவற்றின் அடியிற் கிடக்கும் நிலவுடைமைப் பிரச்சினையை ஹொங்கொங்கின் வரலாறு போலத் தெளிவாகக் காட்டும் உதாரணம் வேறு அதிகம் இல்லை எனலாம்.

இச்சேவையைத் தொடக்கியவர் டொராப்ஜி நவ்ரோஜி என்னும் பார்சி வணிகர். 1898இல் இது போல் சேற்றரின் கைக்கு மாறி, ஸ்ரார் ஃபெரிக் கம்பனி எனப் பெயர் பெற்றது. சேற்றர் யார் என்பதை இவ்விடத்து நோக்குதல் வேண்டும். 1886இல் கௌலூன் கரையில் சரக்குத்துறையும் பண்டகசாலைகளும் நடத்தும் கம்பனியை நிறுவியவர் அவர். 1889இல் ஹொங்கொங் நிலக் கம்பனியை நிறுவியோருள் ஒருவரும் அவரே. தீவின் மையப்பகுதியில் 1890 முதல் கடலைத் தூர்த்து நிலமாக்கிய பெருந்திட்டத்தின் சூத்திரதாரியும் அவரே. ஆக, ஒரு கரையிற் பண்டகசாலை, மறுகரையிற் புதுநிலம், இரண்டுக்கும் நடுவே படகு. படகின் வரவுசெலவை மட்டும் வைத்து இத்தொழிலை விளங்கிக்கொள்ள முடியாது. கரையின் பெறுமதியை உயர்த்துவதும் அதன் பணியாயிருந்தது.

தரைவழிகள் பின்னரே வந்தன. 1904இல் தீவில் ட்றாம் ஓடத் தொடங்கியது. 1910இல் கன்ரன் நோக்கிச் செல்லும் புகையிரதப் பாதை திறக்கப்பட்டது. அதன் முடிவிடம் சிம் ஷா சுய் இறங்குதுறையின் அருகே அமைந்தது. 1933இல் குடியேற்ற அரசு பஸ் சேவையைப் பங்கிட்டது. தீவு ஒரு கம்பனிக்கும் கௌலூன் இன்னொரு கம்பனிக்கும் ஏகபோகமாயின. ஒரு கரையின் பஸ் மறுகரைக்குச் செல்ல வழியில்லை. எனவே கௌலூனில் வாழ்ந்து தீவில் வேலைசெய்த ஒருவர் பஸ்ஸுக்கு ஒரு கட்டணம், படகுக்கு ஒரு கட்டணம், ட்றாமுக்கு ஒரு கட்டணம் எனக் கொடுக்கவேண்டியிருந்தது. வண்டிகள் இறங்குதுறை வாசல்வரை வந்தன என்பது உண்மை. இணைப்பு என்பது அவ்வளவில் முடிந்தது. பயணம் ஒன்று, முதலாளிகள் மூவர்.

1966ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை இப்பின்னணியிலன்றி விளங்கிக்கொள்ள இயலாது. ஸ்ரார் ஃபெரிக் கம்பனி கேட்டது முதலாம் வகுப்புக்கு ஐந்து சத உயர்வு மட்டுமே, 20 சதத்திலிருந்து 25 சதத்துக்கு. கீழ்த்தட்டிற் செல்லும் ஏழைகளின் கட்டணம் மாறவில்லை. அவ்வாறாயின் கௌலூன் வீதிகளில் இறங்கியோர் எதற்காக இறங்கினர்? ஐந்து சதத்துக்காக இத்தனை ஆரவாரமா என்று அன்று ஏளனம் செய்தோரின் கண்ணுக்குத் தனித்தனிக் கட்டணங்களே தெரிந்தன. தொழிலாளியோ நாட்கூலியிலிருந்து கழியும் மொத்தத் தொகையை அறிந்திருந்தான். படகு உயர்ந்தால் பஸ் உயரும், பஸ் உயர்ந்தால் அரிசியும் உயரும் என்பது அவனது அனுபவ அறிவு. மாநகரசபை உறுப்பினர் எல்சி எலியட் இருபதினாயிரத்துக்கும் மேற்பட்ட கையொப்பங்களைத் திரட்டினார். ஏப்பிரல் 4ஆந் திகதி சோ சௌ-சுங் என்னும் இளைஞர் தீவுப்பக்க இறங்குதுறையில் உண்ணாவிரதமிருந்தார், மறுநாள் கைதானார். தொடர்ந்த இரவுகளில் நேதன் வீதி கொந்தளித்தது. ஒருவர் உயிரிழந்தார், 1,400க்கும் மேற்பட்டோர் கைதாயினர். போராட்டம் இறங்குதுறையிலே தொடங்கியமை தற்செயலன்று. பயணி தன் பணத்தை மறுபடியும் எண்ணிப்பார்க்கும் இடம் அது. 1967இன் தொழிற்சாலைப் போராட்டத்தையும் அதன்வழி வந்த பெருங்கிளர்ச்சியையும் விரிவாகப் பேசும் இடதுசாரி எழுத்தாளர் பலர், கட்சியோ தொழிற்சங்கமோ வழிநடத்தாத இவ்வெழுச்சியை ஓரிரு வரிகளிற் கடந்துவிடுகின்றனர். அது நியாயமன்று.

பின்னர் நிகழ்ந்தவை விரைவானவை. 1972இல் துறைமுகத்தின் கீழ்ச் சுரங்கவீதி திறக்கப்பட்டதும் இரு பஸ் கம்பனிகளும் கூட்டாகக் கரை கடந்தன. 1975இல் புகையிரத முடிவிடம் ஹுங் ஹொம்முக்குப் பெயர்ந்தது. 1980இல் நிலத்தடிப் புகையிரதம் கடலடியாகத் தீவை அடைந்தது. அது சென்றடைந்த நிலையத்துக்குத் தொடக்கத்தில் இடப்பட்ட பெயர் சேற்றர் என்பதாகும்! 1997இல் வந்த ஒக்ரோபஸ் அட்டை எல்லா வாகனங்களுக்கும் ஒரே அட்டையால் பணம் செலுத்த வழிசெய்தது. செலுத்தும் முறை ஒன்றாயிற்றே தவிர, கட்டணங்கள் ஒன்றாகவில்லை.

படகுக்கு நேர்ந்த பெரிய இடர் நிலத்திலிருந்தே வந்தது. கடல் தூர்க்கப்படுந்தோறும் இறங்குதுறையும் கடலை நோக்கித் தள்ளப்பட்டது. 1957இல் அமைந்த எடின்பரோ பிளேஸ் இறங்குதுறை 2006 நவம்பரில் மூடப்பட்டது. மக்கள் எதிர்ப்பையும் மீறி அதன் மணிக்கூட்டுக் கோபுரம் டிசெம்பரில் இடிக்கப்பட்டது. புதிய துறை அலுவலகங்களிலிருந்தும் ட்றாம் பாதையிலிருந்தும் மேலும் விலகி அமைந்தது, பயணிகள் குறைந்தனர். தூர்த்த நிலத்தின் முக்கிய தேவைகளுள் ஒன்று 2019இல் திறக்கப்பட்ட புறவழி வீதி. மோட்டார்க் காருக்கு இடம்விட்டுப் படகு ஒதுங்கியது என்று சொன்னால் அது மிகையாகாது. இன்று துறைக் கட்டடத்தின் கடை வாடகையும் விளம்பர வருவாயும் படகின் கணக்கைத் தாங்க உதவுகின்றன. சேற்றரின் காலத்தில் படகு நிலத்தின் விலையை உயர்த்தியது; இப்போது வாடகை படகைத் தாங்குகிறது. இயந்திரத்தை மாற்றிப் புகையைக் குறைப்பது நன்றே. ஆனால் கரையிலிருந்து நடக்கவேண்டிய தூரத்தை எந்த இயந்திரமும் குறைப்பதில்லை.

மறுகரையில் நிகழ்ந்தது வேறு. சிம் ஷா சுய் இறங்குதுறையின் முன்னுள்ள பஸ் நிலையத்தை அகற்றி, உல்லாசப் பிரயாணிகளுக்கான திறந்த சதுக்கம் ஒன்றை அமைக்க அரசு திட்டமிட்டது. நாளாந்தப் பயணிகளும் முதியோரும் அதனை எதிர்த்தனர். இணைப்பு என்னும் கலைச்சொல் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. பஸ் எங்கே நிற்கவேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. திட்டம் கைவிடப்பட்டது. படகிலிருந்து இறங்குவோர் சில அடிகள் நடந்து பஸ் ஏறும் வழக்கம் அங்கே நிலைத்தது.