பலகைப் படத்துக்கு ஆயுள் எத்தனை?

திருக்கடையூர் என்றதும் எமன் ஞாபகம் வந்துவிடும். மார்க்கண்டேயனின் உயிரைப் பறிக்க வந்தவனை சிவபெருமான் காலால் எட்டி உதைத்தார் என்பது தலபுராணம். அதனால்தான் அறுபது, எழுபது, எண்பது வயதில் இன்னொரு முறை மாலை மாற்றிக்கொள்ள தம்பதிகள் வேன் வேனாக வந்து இறங்குகிறார்கள். அந்த அறுபதாம் கல்யாணத்துக்கு வரும் பரிசுகளில் தஞ்சாவூர் ஓவியமும் உண்டு. ஆயுள் விருத்திக்கு ஹோமம் செய்துவிட்டு வந்த கையோடு, அந்தப் படத்தைக் குத்துவிளக்குக்கு மேலே ஆணியடித்து மாட்டுவார்கள் பாருங்கள்... படத்தின் எமன் அங்கேதான் ஆஜராகிறான்!

இதற்குப் பழைய பெயர் 'பலகைப் படம்'. காரணப் பெயர்தான். பலாப்பலகையின் மேல் புளியங்கொட்டைப் பசையால் துணியை ஒட்டுவார்கள். அதன் மேல் சுண்ணப்பொடியும் கோந்தும் கலந்து பூசி, வழவழப்பாகத் தேய்ப்பார்கள். படத்தை வரைந்து, நகையும் மண்டபமும் வருகிற இடங்களில் அதே பசையைப் புடைப்பாக ஏற்றி, கற்களைப் பதித்து, தங்க ரேக்கை ஒட்டி, கடைசியில்தான் வர்ணம். ஆக, நீங்கள் பார்ப்பது ஒரு படம் இல்லை. மரம், துணி, சுண்ணம், தங்கம், வர்ணம் என்று ஐந்து அடுக்கு. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு குணம். வம்பே அங்குதான்.

தஞ்சையில் மராட்டியர் ஆட்சி 1676-ல் தொடங்கியது. இந்தக் கலை உச்சத்துக்குப் போனது இரண்டாம் சரபோஜி காலத்தில் (1798-1832). அபிராமி பட்டர் கதையில், அமாவாசையைப் பௌர்ணமி என்று சொன்னதைக் கேட்டுக் கோபப்படுகிற சரபோஜி வேறு. அவர் முதலாம் சரபோஜி. கிட்டத்தட்ட நூறு வருஷம் முந்தியவர். சினிமா பார்த்துவிட்டு இரண்டு பேரையும் ஒருவராக்கி விடுகிறவர்கள் நிறைய! 1855-ல் தஞ்சை ராஜாவின் பட்டமே இல்லாமல் போனது. ஆதரித்த அரண்மனை இல்லை. 1894-ல் பம்பாயில் ரவிவர்மா தொடங்கிய அச்சகம், லட்சுமியையும் சரஸ்வதியையும் சல்லிசான விலைக்கு வீடு வீடாகக் கொண்டு சேர்த்தது. பலகைப் படங்கள் பஜனை மடங்களிலும் பூஜை அறைகளிலும் ஒதுங்கின. அங்கே தலைமுறை தலைமுறையாக விளக்குப் புகையைக் குடித்துக் கறுத்தன.

காவிரி டெல்டாவின் காற்றும் லேசுப்பட்டதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் சுவரே வியர்க்கும். பலகை ஈரத்தைக் குடித்து ஊதும். சித்திரை வெயிலில் சுருங்கும். மேலே இருக்கிற சுண்ணத்துக்கு அப்படி வளைந்துகொடுக்கத் தெரியாது. விரிசல் விடும். விரிசலுக்குள் அடுத்த மழைக்காலத்து ஈரம் நுழையும். திருக்கடையூர் போல கடல் பக்கத்து ஊர் என்றால் உப்புக்காற்று வேறு. தங்கம் கறுக்காது, உண்மைதான். ஆனால் தங்கத்தைத் தாங்குகிற பசை உதிர்ந்தால் தங்கம் எங்கே நிற்கும்?

இதே தலைவலியை வேறொரு பலகையில் அனுபவிக்கிறார்கள் அமெரிக்கர்கள். பின்பால் விளையாட்டு மெஷின் தெரியுமல்லவா? சரிவான மேடையில் இரும்புக் குண்டு ஓடி, முட்டி, மணியடித்து... அது சூதாட்டம் என்று சொல்லி, 1942-ல் நியூயார்க் மேயர் லாகார்டியா தடைபோட்டு, சம்மட்டியால் மெஷின்களை உடைத்தார். 1976 வரை தடை நீடித்தது. இன்று அதே பழைய மெஷின்களைத் தேடிப்பிடித்துப் புதுப்பித்து, குழந்தை மாதிரி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள்! அந்த மேடையும் ஒட்டுப்பலகைதான். மேலே அச்சடித்த சித்திரம். சுமார் 80 கிராம் குண்டு ஓடி ஓடி, வர்ணம் தேய்ந்து மரம் தெரியும். பாதுகாக்கிறோம் என்று ஒரு காலத்தில் பளபள பிளாஸ்டிக் தாளை ஒட்டினார்கள். வருஷங்கள் கழித்து உரித்தால், தாளோடு சித்திரமும் சேர்ந்து வந்தது. இப்போது பலர் ஒட்டுவதில்லை. மேடையின் அளவுக்கு வெட்டிய கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தகட்டை மேலே சும்மா வைக்கிறார்கள், வேண்டாமென்றால் எடுத்துவிடலாம். கீறல் விழுந்த குண்டு உப்புத்தாள் மாதிரி தேய்க்கும் என்பதால் அதையும் அவ்வப்போது மாற்றுகிறார்கள்.

நம் ஊர் ஃப்ரேம்களில் நடப்பதும் அந்த பிளாஸ்டிக் தாள் கதைதான். கண்ணாடியைப் படத்தின் மேல் அழுத்தி ஃப்ரேம் போட்டுவிடுவார்கள். புடைப்பு வேலை கண்ணாடியில் உரசும், ஈரத்தில் ஒட்டும். ஒரு நாள் கண்ணாடியைக் கழற்றினால், அம்மனின் மூக்குத்தி அதோடு வந்துவிடும். ஃப்ரேமின் ஓரத்தில் உள்ளே மெல்லிய சட்டம் கொடுத்து இடைவெளி விட்டால் போதும். கேட்டு வாங்குங்கள்.

இதையெல்லாம் விடப் பெரிய ஆபத்து, 'புதுசு மாதிரி ஆக்கித் தரேன் சார்' என்கிற அன்பு. கறுத்த படத்தைக் கொடுக்கிறோம். பத்து நாளில் ஜம்மென்று வருகிறது. முகம் மட்டும் வேறு யாரோ! பழைய கோட்டின் மேல் புது வர்ணம். கொள்ளுப்பாட்டி கும்பிட்ட முகம் அடியில் புதைந்தாயிற்று. தஞ்சைப் பெரிய கோயிலிலேயே இது நடந்திருக்கிறது. கருவறையைச் சுற்றிய பாதையில், நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் கால ஓவியம் இருப்பதை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே.கோவிந்தசாமி 1931-ல் கண்டுபிடித்தார். பிற்பாடு தொல்லியல் துறையினர் மேலே இருந்த நாயக்கர் ஓவியத்தின் சில பகுதிகளைச் சிதையாமல் பிரித்தெடுத்துத் தனியே பலகையில் பொருத்தினார்கள். மேலேயும் பிழைத்தது, கீழேயும் பிழைத்தது. உங்கள் வீட்டுப் படத்துக்கு அந்த யோகம் கிடைக்குமா? அதனால், சீர்செய்கிறவரிடம் முதலில் கேட்க வேண்டியது ரேட் இல்லை. 'உதிர்ந்த இடத்தை மட்டும் தொடுவீங்களா, முகத்தையும் தொடுவீங்களா?' என்பதுதான்.

சரிசெய்து வந்த படத்தை வீட்டில் எங்கே வைப்பது? மழை அடிக்கிற வெளிச்சுவர் வேண்டாம், உள்சுவர். சுவரோடு ஒட்டாமல் பின்னால் இரண்டு கட்டை கொடுத்துக் காற்று போக விடுங்கள். ஜன்னல் வெயில் நேராக விழக்கூடாது. விளக்கும் ஊதுபத்தியும் தள்ளியே இருக்கட்டும். பூவைப் படத்தில் செருகாமல் கீழே தட்டில் வைத்தால் அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள். ஈரத்துணி, எண்ணெய், வார்னிஷ் மூன்றும் கிட்டவே வரக்கூடாது. சந்தனம், குங்குமம் வைக்காமல் மனசு கேட்காது என்றால் கண்ணாடிக்கு மேலே வையுங்கள். வருஷத்துக்கு ஒருமுறை பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். மாவு மாதிரி கொட்டியிருந்தால் பலகையில் பூச்சி.

மழைக்காலத்தில் ரேக்கு தூக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்தால், விரலால் அழுத்தி ஒட்டவைக்கத் தோன்றும். வேண்டாம். சுவரிலிருந்து மெதுவாக இறக்கி, முகம் மேலே பார்க்கிற மாதிரி மேஜையில் படுக்க வைத்து, போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். உதிர்ந்த துணுக்கைப் பொட்டலம் கட்டிப் படத்தோடே வையுங்கள். பழைய ஓவியங்களைப் பாதுகாக்கத் தெரிந்த ஒருவர் வந்து பார்க்கிற வரை அது அப்படியே படுத்திருக்கட்டும்.