பருத்திச் சாயமும் மூளைப் படமும்

கேகாலை மாவட்டத்தின் யட்டியாந்தோட்டையைப் போன்ற இறப்பர் விளையும் பகுதிகளில், பால்வெட்டும் தொழிலாளர் கொண்டுவரும் பாலை லீட்டரில் அளந்தால் மட்டும் போதாது. மழைநீர் கலந்த பாலும் வாளியை நிரப்பும் என்பதால், அதிலுள்ள உலர் இறப்பரின் அளவை மெட்ரோலக் என்னும் மிதவைக் கருவியால் அறிவது வழக்கம். கெட்டியான பாலில் கருவி சரிவர மிதக்காதாகையால், ஒரு பங்கு பாலில் இரு பங்கு நீர் சேர்த்து, கிடைத்த எண்ணை மூன்றால் பெருக்குவர். முறை பிசகினால் ஒரு தோட்டத்தின் கணக்கு இன்னொன்றோடு ஒத்துவராது. அல்சைமர் நோயில் மூளையில் சேரும் அமிலாய்டு என்னும் புரதப் படிவை அளக்க முற்பட்டோரும் இதே சிக்கலைச் சந்தித்தனர்.

அயடின் பட்டதும் மாவுப்பொருளைப் போல நிறம் மாறியதால், மாவுப்பொருளுக்குரிய இலத்தீன் சொல்லை ஒட்டி இப்படிவுக்கு 1854இல் பெயரிட்டவர் ருடால்ஃப் விர்ச்சோ. 1906இல் அலொய்ஸ் அல்சைமர், நினைவிழந்து இறந்த ஒரு பெண்ணின் மூளையில் கண்ட திட்டுகளை விவரித்தார். பருத்தித் துணிக்கென 1880களில் ஜெர்மனியில் உருவான காங்கோ சிவப்புச் சாயம் அத்திட்டுகளிலும் ஏறுவதையும், முனைவாக்கிய ஒளியில் அவை பச்சையாக மின்னுவதையும் பெல்ஜியத்தின் போல் டிவ்ரி 1927இல் காட்டினார்.

ஆயினும் இவையெல்லாம் இறந்தபின் செய்யும் சோதனைகளே. உயிரோடிருப்போரின் மூளையிலும் படிவைப் படமாகக் காண, பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் வில்லியம் கிளங்கும் செஸ்டர் மாதிஸும் தியோஃபிளேவின் என்ற மற்றொரு சாயத்தின் மின்னூட்டத்தை நீக்கி, குருதியிலிருந்து மூளைக்குள் நுழையவல்லதாக்கி, கதிரியக்கக் கார்பன்-11ஐ அதில் பிணைத்தனர். 2002இல் சுவீடனின் உப்சாலாவில் அது முதன்முறையாக மனிதருக்குச் செலுத்தப்பட்டது. இருபதே நிமிடத்தில் அதன் கதிரியக்கம் பாதியாகிவிடுவதால், அதை ஆக்கும் இயந்திரம் அருகிலேயே இருக்கவேண்டியிருந்தது. 2012இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஃபுளோர்பெட்டாபிர் என்னும் மருந்தின் கதிரியக்கம் பாதியாக 110 நிமிடம் பிடிக்கிறது. அதுவும் கொழும்பிலிருந்து பஸ்ஸில் புறப்பட்டால் யட்டியாந்தோட்டை வந்து சேர்வதற்குள் பாதியாகிவிடும்.

மருந்து செலுத்தி 30 முதல் 50 நிமிடம் கழித்துப் பத்து நிமிடம் படமெடுத்து, மூளை மேலுறையில் தெரியும் கதிரியக்கத்தைச் சிறுமூளையில் தெரிவதால் வகுத்து விகிதம் காண்பது இம்மருந்துக்குரிய நெறிமுறை. வேறு மருந்துக்கு நேரமும் வேறு, விகிதமும் வேறு. இவற்றை ஒரே கோலால் அளக்க 2015இல் சென்டிலாய்டு என்ற அளவீடு முன்வைக்கப்பட்டது: இளம் வயதினரின் சராசரி 0, அல்சைமர் நோயாளரின் சராசரி 100.

மறதியே இல்லாத முதியோர் பலரிடமும் அமிலாய்டு காணப்படுவதால், அறிகுறி அற்றவருக்கு இப்படம் எடுக்கலாகாது என 2013இல் வெளியான அமெரிக்க வழிகாட்டல் வரையறுத்தது. பள்ளி செல்ல வாய்க்காத முதியோர் மிகுந்த தோட்டப்புறங்களில் மறதியை அறியும் எழுத்துச் சோதனையும் தவறான முடிவைத் தரக்கூடும். 1998இல் கொச்சியில் தோன்றிய 10/66 ஆய்வுக்குழு, கல்வி குறைந்தோருக்கும் பொருந்தும் சோதனைகளை வகுத்தபோது, வீட்டார் சொல்வதையும் கேட்டுப் பதிவதை அவற்றில் ஒரு பகுதியாக்கியது. லயத்துப் பாட்டி அடுப்பை அணைக்க மறப்பதை முதலில் அறிபவர் மருமகளே. மூளைப் படம் அதற்குப் பின்னரே வருகிறது.