கட்டிலில் இருந்து நாற்காலிக்கு

மாரடைப்பு வந்தவருக்கு என்ன வைத்தியம்னு 1940-களில் எந்த டாக்டரைக் கேட்டிருந்தாலும், "படுக்க வைங்க, அசைய விடாதீங்க"ன்னுதான் சொல்லியிருப்பார். ஒரு நாள் ரெண்டு நாள் இல்லைங்க, நாலு வாரம், ஆறு வாரம்! தானாப் புரண்டு படுக்கக்கூடாது. சாப்பாட்டை நர்ஸ் ஊட்டணும். மத்ததெல்லாமும் படுக்கையிலேயே.

இது வெறும் மூடநம்பிக்கை இல்லை. 1912-ல் மாரடைப்பைப் பத்தி எழுதின சிகாகோ டாக்டர் ஜேம்ஸ் ஹெரிக், சில நாள் முழு ஓய்வு வேணும்னார். 1939-ல் பால் டட்லி ஒயிட்டும் அவர் சகாக்களும் பிரேதப் பரிசோதனைகளை வச்சு, செத்துப்போன இதயத்தசை தழும்பா மாற வாரக்கணக்கில் ஆகும்னு காட்டினாங்க. ஆறாத புண்ணுக்கு வேலை கொடுத்தா இதயம் கிழிஞ்சிடுமேன்னு பயம். சில நாள் ஓய்வு, வாரக்கணக்கில் நீண்டுடுச்சு.

ஆனா அந்தக் கட்டிலே ஆளைக் கொன்னுட்டு இருந்தது. அசையாத காலில் ரத்தம் உறைஞ்சு, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் அடைச்சிடும். நுரையீரல் அடியில் சளி தேங்கும். முதுகில் புண். எல்லாத்துக்கும் மேல, "நான் அவ்வளவுதான்"னு மனசு ஒடிஞ்சு போயிடும்.

பாஸ்டன் நகரத்துல சாமுவேல் லெவைன்னு ஒரு இதய மருத்துவர். படுத்தா காலில் இருக்கிற ரத்தமும் நெஞ்சுக்குத் திரும்பி இதயத்துக்குச் சுமை கூடுது, காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தா குறையுதுன்னு 1944-லேயே எழுதினார். அவர்கிட்ட பயிற்சிக்கு வந்தவர் பெர்னார்ட் லௌன், லிதுவேனியாவில் பிறந்த யூதர். நோயாளிகளைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைக்கிற வேலை அவர் தலையில் விழுந்தது.

சக டாக்டர்கள் சும்மா விடுவாங்களா? இது மனுஷங்க மேல நடத்துற கொடூரமான பரிசோதனைன்னு சொல்லி, வார்டில் வரிசையா நின்னு அவருக்கு நாஜி சல்யூட் அடிச்சாங்களாம். ஒரு யூதருக்கு! பின்னாளில் அவரே இதை எழுதியிருக்கார். 81 நோயாளிகளை உட்கார வச்சுப் பார்த்த முடிவு 1952-ல் வெளியாச்சு. பயந்த மாதிரி உட்கார வச்சதால கெடுதல் வரலை. தெம்பாத்தான் இருந்தாங்க.

அதே 1952-ல், நியூயார்க்கில் ஆல்வன் பராக்கும் அவர் சகாக்களும், நுரையீரல் கெட்டு மூச்சு வாங்குற நோயாளிகளை ஆக்சிஜனோட நடக்க வச்சாங்க. நாளாக நாளாக ஆக்சிஜன் இல்லாமலே நடக்க முடிஞ்சதை எழுதினாங்க. மூச்சு வாங்கினா நடக்காதேங்கிறதுதான் அதுவரைக்கும் சட்டம்.

ஊரே கவனிச்சது 1955 செப்டம்பரில். அமெரிக்க ஜனாதிபதி ஐசன்ஹோவருக்கு மாரடைப்பு. பங்குச்சந்தை தடால். பார்க்க வந்தவர் யாருன்னு நினைக்கறீங்க? 1939-ல் தழும்புக் கணக்கு சொன்ன அதே ஒயிட்! ஜனாதிபதிக்கு மலம் சரியாப் போச்சுங்கிறது வரைக்கும் பத்திரிகைக்காரங்க கிட்ட சொன்ன மனுஷர் :-) ஏழு வாரத்துல ஐசன்ஹோவர் ஆஸ்பத்திரியை விட்டு நடந்து வெளியே வந்தார். அடுத்த வருஷமே தேர்தலில் நின்னு ஜெயிச்சார்.

1966-ல் டல்லாஸ் நகரத்துல 20 வயசு ஆரோக்கியமான பசங்க அஞ்சு பேரை மூணு வாரம் படுக்கப்போட்டுப் பார்த்தாங்க. 30 வருஷம் கழிச்சு அதே அஞ்சு பேரைத் திரும்பச் சோதிச்சா, 30 வருஷ முதுமையை விட அந்த மூணு வாரப் படுக்கைதான் உடம்போட உழைக்கும் திறனை அதிகமாக் குறைச்சிருந்தது.

இன்னிக்கு பைபாஸ் ஆனவரை அடுத்த நாளே பிசியோதெரபிஸ்ட் வந்து எழுப்பி உட்கார வைக்கிறார். நெஞ்சில் தலையணையை அணைச்சுக்கிட்டு இருமச் சொல்றார். மூணு பந்து இருக்கிற பிளாஸ்டிக் டப்பாவை உறிஞ்சச் சொல்றார். வார்டு வராந்தாவில் நடக்க வைக்கிறார். "பாவம், வலிக்குதுங்கறாரு, விட்டுடுங்களேன்"னு பக்கத்துல இருக்கிற சொந்தக்காரங்களுக்குத்தான் மனசு கேட்காது.

வீட்டுக்கு வந்ததும் நாம செய்யறதும் அதே 1940-தான். தண்ணி டம்ளரைக்கூட எடுக்க விடறதில்லை. எல்லாம் பாசம்தான், இல்லைங்கலை. லௌனுக்கு சல்யூட் அடிச்சவங்களும் நோயாளி மேல இருந்த அக்கறையில்தான் அடிச்சாங்க.

டாக்டர் நடக்கச் சொன்ன தூரத்தை நடக்க விடுங்க. மனசு கேட்கலைன்னா கூடவே நடங்க.