எழுவான்கரையின் உப்புக்காற்றும் கணினி நீர்க்குளிர்விப்பிகளின் கட்டுமானத் தரமும்

ஆய்வுச் சுருக்கம்

மேசைக் கணினியின் புரோசெசரைக் குளிர்விக்கும் நீர்க்குளிர்விப்பிகளின் தரம், அவை வெப்பநிலையை எத்தனை பாகை குறைக்கின்றன என்பதைக் கொண்டே பெரும்பாலும் மதிப்பிடப்படுகிறது. மட்டக்களப்பு வாவியை அண்டிய நிலப்பகுதிக்கு அந்த அளவுகோல் போதாது. உலோகச் சேர்க்கை, இறப்பர்ப் பாகங்கள், வெளிப்பூச்சு, பிரித்துப் பழுதுபார்க்கும் வசதி ஆகிய நான்கும் சேர்ந்தே இங்கு தரத்தைத் தீர்மானிக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

1. களத்தின் இயல்பு

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிறது. அதன் மேற்கே படுவான்கரை, கிழக்கே எழுவான்கரை. கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி முதலிய ஊர்கள் ஒருபுறம் வங்கக் கடலையும் மறுபுறம் உவர்நீர் வாவியையும் கொண்ட ஒடுங்கிய நிலத்தில் அமைந்தவை. காற்று எத்திசையிலிருந்து வீசினாலும் அது நீர்ப்பரப்பைக் கடந்தே இவ்வூர்களுக்குள் நுழைகிறது. வாடைக்காலத்தில் கடலின் உப்புத்துகளும் அதனுடன் வந்து சேர்கிறது.

உப்பு உலர்ந்து கிடக்கும்வரை உலோகத்துக்குப் பெருந்தீங்கு இல்லை. ஆனால் சாரீரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டும்போது சோடியம் குளோரைட்டு காற்றிலுள்ள நீராவியை உறிஞ்சித் தானே கரைசலாகிவிடும். கடலுப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைட்டுக்கோ ஏறத்தாழ 33 சதவீதமே போதும். இங்குள்ள இரவுகளில் காற்றின் ஈரப்பதன் இந்த எல்லைகளை எளிதில் கடக்கிறது. உலோகத்தில் படிந்த உப்பு இரவில் நனைந்து, பகலில் ஓரளவு காய்ந்து, மறுபடி நனைகிறது. கணினிப் பாகங்கள் சோதிக்கப்படும் குளிரூட்டிய ஆய்வுகூடங்களில் இந்தச் சுழற்சி இல்லை. அங்கு பெறப்பட்ட மதிப்பெண்ணை இங்கு அப்படியே ஏற்க முடியாததற்கு இதுவே முதற்காரணம்.

2. இரு உலோகங்களின் சிக்கல்

சந்தையில் கிடைக்கும், தொழிற்சாலையில் அடைத்த நீர்க்குளிர்விப்பிகள் பெரும்பாலும் ஒரே அமைப்பைக் கொண்டவை. புரோசெசரின் மேல் நுண்ணிய பள்ளங்கள் வெட்டிய செப்புத் தட்டு அமர்கிறது; அதன்மேல் சிறிய பம்பி; இரு குழாய்கள்; வெப்பத்தை வெளியேற்றும் அலுமினிய ரேடியேற்றர். செம்பின் நியம மின்வாய் அழுத்தம் +0.34 வோல்ற்று, அலுமினியத்தினது −1.66 வோல்ற்று. ஏறத்தாழ 2 வோல்ற்று இடைவெளியுள்ள இரு உலோகங்களை ஒரே திரவத்தில் இணைத்தால் அலுமினியமே அரிக்கப்படும். திரவத்தில் கிளைக்கோலுடன் சேர்க்கப்படும் அரிப்புத் தடுப்பிகள்தான் அதை நிறுத்தி வைத்திருக்கின்றன. தடுப்பிகள் குறையக் குறைய வீழ்படிவு உருவாகிச் செப்புத் தட்டின் பள்ளங்களை அடைக்கத் தொடங்குகிறது.

மோட்டார் வாகனத்தின் குளிர்திரவத்தைக் குறித்த காலத்துக்கொருமுறை மாற்றவேண்டும் என்பது எல்லாக் கராஜ்களிலும் தெரிந்த விதி. அதே வேதியியலுக்கு உட்பட்ட அடைத்த அலகில் திரவத்தை மாற்றப் பெரும்பாலும் வழி வைக்கப்படுவதில்லை. பிரிக்க முயல்வோர் கிணற்றுநீரை ஊற்றினால் குளோரைட்டு உள்ளே சேரும். பற்றரித் தண்ணீரை மட்டும் ஊற்றினால் தடுப்பி எதுவும் இராது. இரண்டும் கேடே. செம்பும் பித்தளையும் மட்டும் கொண்ட சுற்றில் இந்த அழுத்த இடைவெளி மிகச் சிறியது. எனவே ரேடியேற்றர் எந்த உலோகத்தாலானது என்பதே வாங்குபவர் கேட்கவேண்டிய முதற்கேள்வி.

அடைப்பு ஏற்பட்டிருக்கிறதா என்பதைக் கையாலேயே அறியலாம். நிமிடத்துக்கு 1 லீற்றர் நீர் ஓடும் சுற்றில் 150 வாற்று வெப்பம் நீரின் வெப்பநிலையை ஏறத்தாழ 2 பாகை மட்டுமே உயர்த்தும். ஆகவே நல்ல நிலையிலுள்ள அலகின் இரு குழாய்களும் தொட்டால் ஒரே சூடாக இருக்கும். ஒன்று சுட்டு மற்றொன்று குளிர்ந்திருந்தால் ஓட்டம் தடைப்பட்டிருக்கிறது என்று கொள்ளலாம்.

3. இறப்பரின் பங்கு

நீர்க்குளிர்விப்பியின் ஆயுள் அதன் விலைகுறைந்த பாகத்தில் தங்கியிருக்கிறது என்பதற்கு 2022ஆம் ஆண்டு ஒரு சான்று தந்தது. ஆர்க்டிக் நிறுவனம் தனது ‘லிக்விட் ஃபிரீசர் 2’ வரிசையின் ஒரு பகுதியில், போதியளவு வல்கனைசுப்படுத்தப்படாத இறப்பர் கஸ்கற்றிலிருந்து கந்தகச் சேர்மங்கள் வெளியேறிச் செப்புத் தட்டை அரிக்கக்கூடும் என்று தானே அறிவித்தது. மாற்று கஸ்கற் அடங்கிய சேவைப் பொதியையும் இலவசமாக வழங்கியது. செம்பிலோ பம்பியிலோ பிழை இல்லை. ஓர் இறப்பர் வளையமே முழு அலகின் விதியையும் முடிவுசெய்தது. அந்த அலகைத் திருகாணி கழற்றித் திறக்க முடிந்ததால் அது காப்பாற்றப்பட்டது என்பதும் இங்கு கவனிக்கத்தக்கது.

குழாய்க்கும் இதே முக்கியத்துவம் உண்டு. இறப்பர் வழியே நீராவி மெல்ல மெல்லக் கசிகிறது. ஆவியமுக்க வேறுபாடே அதற்கு உந்துவிசை. 22 பாகை வெப்பமும் 40 சதவீத ஈரப்பதனும் கொண்ட அறையில் குளிர்திரவம் 33 பாகையில் இருந்தால், தூய நீருக்கான கணக்கின்படி வேறுபாடு ஏறத்தாழ 40 ஹெக்டோபாஸ்கல். 32 பாகையும் 70 சதவீதமும் கொண்ட மட்டக்களப்பு அறையில் திரவம் 43 பாகையை எட்டும். வேறுபாடு 53 ஆகிறது. வெளிக்காற்று ஈரமாக இருப்பதால் இழப்பு குறையும் என்ற எதிர்பார்ப்பு தவறு. திரவத்தின் கூடுதல் சூடு அந்த நன்மையை விழுங்கிவிடுகிறது. இழந்த நீரின் இடத்தில் காற்று புகுந்து, பம்பியின் உராய்வைத் தணிக்கும் திரவம் குறைகிறது. எனவே தடித்த சுவருடைய ஈபிடிஎம் இறப்பர்க் குழாய் இங்கு ஆடம்பரமன்று, அடிப்படைத் தேவை.

4. வெளிப்பூச்சும் பனிபடுதலும்

அலுமினியச் செதில்கள் மில்லிமீற்றரின் சிறு பங்கு தடிப்பே கொண்டவை. பூச்சு விடுபட்ட இடத்தில் வெண்ணிறத் தூள் பூக்கிறது. செதில் குழாயுடன் ஒட்டும் அடிப்பகுதியிலும் ஓரங்களிலும் டோர்ச் அடித்துப் பார்த்தால் இது புலப்படும்.

இன்னோர் ஆபத்து குளிரூட்டிய அலுவலகங்களுக்கு உரியது. 28 பாகையும் 80 சதவீத ஈரப்பதனும் கொண்ட காற்றின் பனிபடுநிலை ஏறத்தாழ 24 பாகை. 20 பாகையில் நாள் முழுதும் குளிர்ந்த உலோகம், கணினியை அணைத்துச் சன்னல்களைத் திறந்ததும் வியர்க்கும். நீர்க்குளிர்விப்பியின் திரவம் அறைக்காற்றை விடக் குளிர்வதில்லை. ஆகவே இந்த ஈரத்தை அது உண்டாக்குவதில்லை. ஆனால் உப்புப் படிந்த ரேடியேற்றர் அதற்கு முதலில் இரையாகிறது.

5. எதிர்வாதங்கள்

தொழிற்சாலையில் அடைத்த அலகைப் பயனர் தொடாததே பாதுகாப்பு; பழுதானால் உத்தரவாதம் உண்டு என்பர். உத்தரவாதம் அலகின் விலையை ஈடுசெய்யலாம். ஆனால் அதைக் கொழும்புக்கு அனுப்பி மீளப்பெறும்வரை நின்றுபோன வேலையை ஈடுசெய்யாது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த அமெரிக்க டொலர் மே மாதத்தில் 360 ரூபாயை எட்டியது. அந்த அனுபவத்துக்குப் பின்னர், கழற்றி எறிந்து புதிதாக வாங்கும் பாகத்தைத் தரமானது என்று சொல்ல எமக்கு உரிமையில்லை.

காற்றுக்குளிர்விப்பியிலும் செம்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்கின்றனவே என்பது வலுவான வாதம். அங்கும் அரிப்பு நிகழும். ஆயினும் அதன் வெப்பக்குழாயில் பம்பி இல்லை. அதிலுள்ள சிறிதளவு திரவம் தாய்ப்பலகையை நனைக்கும் அளவினதும் அன்று. பழுதாகும் ஒரே அசையும் பாகமான விசிறியை உள்ளூரிலேயே மாற்றலாம்.

இத்துறையில் இக்கரையின் அறிவு புதியதன்று. நாவலடி, பாலமீன்மடுக் கடற்றொழிலாளர் பயன்படுத்தும் வெளியிணைப்பு இயந்திரமும் நீரால் குளிர்விக்கப்படுவதே. அதை நன்னீரால் கழுவவும், அரிப்பைத் தான் ஏற்றுக்கொள்ளும் தியாக உலோகத்தையும் பம்பியின் இறப்பர்ச் சுழலியையும் காலத்தோடு மாற்றவும் அதன் வடிவமைப்பே இடந்தருகிறது. உவர்நீரில் உழைக்கும் பொருளுக்குரிய தரம் அதுவே.

6. முடிவுரை

65 வாற்று வகைப் புரோசெசருக்கு இப்பகுதியில் நீர்க்குளிர்விப்பி தேவையில்லை. நல்ல காற்றுக்குளிர்விப்பி போதும். கோர் ஐ9-13900கே போன்று 253 வாற்று வரை ஏறும் புரோசெசரில் நெடுநேரக் கணிப்பு வேலை செய்வோர், செப்பு ரேடியேற்றரும் திரவம் நிரப்பும் வாயிலும் மாற்றத்தக்க கஸ்கற்றும் உள்ள அலகையே நாடவேண்டும். கிழக்குப் பல்கலைக்கழகம், பிரதேச செயலகங்கள், பாடசாலைகள் ஆகியன கணினிகளுக்கு விலைமனுக் கோரும்போது ரேடியேற்றரின் உலோகம், குழாயின் வகை, செதிற்பூச்சு, உதிரிப்பாகக் கிடைப்பு ஆகிய நான்கையும் விபரக்குறிப்பில் எழுத்தில் கேட்கவேண்டும். விடை தர இயலாத விற்பனையாளரின் பொருளை, அதன் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், ஏற்கக் கூடாது.