நம் மண்டபத் தரையும் ஆத்தங்குடிப் பூந்தரையும்

நூற்றாண்டு விழா நினைவாக நம் மண்டபத்தின் சிவப்புச் சீமெந்துத் தரைமேல் பூப்போட்ட டைல் பதித்துத் தர வெளிநாடுகளில் வாழும் சகோதரிகள் சிலர் முன்வந்துள்ளனர். அந்த அன்புக்கு நாம் கடமைப்பட்டுள்ளோம். ஆயினும் முடிவெடுக்குமுன் பூந்தரைகளின் வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்ப்பது நல்லது. அது நம் தோட்டங்களின் வரலாற்றோடு சேர்ந்தது.

பூந்தரை என்றதும் இன்று பலரும் சொல்லும் பெயர் ஆத்தங்குடி. சிவகங்கை மாவட்டத்தில் காரைக்குடிக்கு அருகிலுள்ள சிற்றூர் அது. அங்குள்ள செட்டிநாட்டு மாளிகைகளுக்குப் பர்மாத் தேக்கும், இத்தாலியச் சலவைக்கல்லும், ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் செய்த பூ ஓடுகளும் கப்பலில் வந்தன. அச்செல்வம் பர்மா, மலாயா, இலங்கை ஆகிய நாடுகளில் நடந்த கொடுக்கல் வாங்கலில் திரண்டது. கொழும்புச் செட்டியார் தெருவில் கடை வைத்திருந்த நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கோப்பித் தோட்டக்காரருக்குக் கடன் கொடுத்தனர். தோட்டங்களில் உண்ட அரிசியின் இறக்குமதியிலும் அவர்கள் பணம் ஓடியது.

அத்தோட்டங்களில் உழைக்க வந்த நம் முன்னோரில் பலரும் இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, சேலம் என அதே தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களே. அவர்களுக்குக் கிடைத்தது லயக் காம்பரா. அதன் மண்தரையைச் சாணமிட்டு மெழுகி, நல்ல நாளில் வாசலில் கோலமிட்டவர்கள் நம் பாட்டிமார். பூப்போட்ட தரை நமக்குப் புதிதல்ல; அது நாள்தோறும் அழிந்து மீண்டும் போடப்பட்டது.

அழியாத பூந்தரையைச் சீமெந்தினால் செய்யும் முறை 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஐரோப்பாவில் பரவியது. 1922இல் பம்பாயில் தொடங்கிய பாரத் புளோரிங்ஸ் நிறுவனம் இறக்குமதிக்கு மாற்றாகச் சுதேசி ஓடுகளைச் செய்தது. ஆத்தங்குடியில் இன்றும் அது கைவேலைதான். கண்ணாடித் தகட்டின் மேல் உலோக அச்சை வைத்து, நிறம் கலந்த சீமெந்துக் குழம்பைக் கட்டம் கட்டமாக ஊற்றுவார்கள். அச்சை எடுத்தபின் உலர்ந்த மணலும் சீமெந்தும் தூவி, அதன்மேல் சாந்து பூசுவார்கள். பிறகு தண்ணீரில் ஊறவைத்து வெயிலில் காயவைப்பார்கள். சூளை கிடையாது, கண்ணாடி பட்ட பக்கமே பளபளப்பாகிறது. சென்னை உணவகங்களும் விடுதிகளும் இப்போது இவ்வோடுகளை விரும்பிப் பதிக்கின்றன.

நம் சிவப்புத் தரையும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். சீமெந்தில் இரும்பு ஒட்சைட்டைக் கலந்து, ஈரம் காயுமுன் கரண்டியால் அழுத்தித் தேய்த்து மினுக்குவார்கள். 1950இல் காங்கேசன்துறையில் உற்பத்தி தொடங்கும்வரை சீமெந்து கடல் கடந்தே வந்தது. ரயில் 1924இல் பதுளையை எட்டியது. அதற்கப்பால் பசறை வழியாக மலைப்பாதையில்தான் எதுவும் லுணுகலைக்கு வரவேண்டும். பூ ஓடு வாங்க வசதியில்லாத இடங்களில் இந்தச் சிவப்பே அழகாக நின்றது.

கடைகளில் இன்று கிடைக்கும் பூ டைல்களில் பெரும்பாலானவை சூளையில் சுட்டவை. அவற்றின் பூ இயந்திரத்தில் அச்சானது. துடைப்பது எளிது, நீடித்தும் உழைக்கும். அவற்றைக் குறை கூற நாம் வரவில்லை. ஆனால் பழைய தரைமேல் பதிக்கவேண்டுமானால் பிடிப்புக்காக அதைக் கொத்துவார்கள். கொத்திய தரை திரும்பி வராது.

மண்தரையில் தவழ்ந்து வளர்ந்த நம்மில் பலர் முதன்முதலில் கால் வைத்த சீமெந்துத் தரை இதுதான். வெள்ளிக்கிழமைகளில் தேங்காய் மட்டையைக் காலடியில் வைத்து, அக்காமாரும் தங்கச்சிமாரும் வரிசையாக நின்று தேய்த்ததை யார் மறப்பார்? அந்த மினுக்கத்தில் நம் உழைப்பும் இருக்கிறது.

ஆகவே நாம் முன்வைக்கும் யோசனை இது: மண்டபத் தரையை அப்படியே வைத்து, வெடிப்புகளை மட்டும் அதே சிவப்புச் சீமெந்தினால் அடைப்போம். அமிலம் கலந்த சுத்திகரிப்பு நீர்மங்கள் அதன் மேற்பரப்பை அரித்துவிடும், அவற்றைத் தவிர்ப்போம். பூந்தரை வேண்டுமெனில் புதிய நூலக வாசலில், கையால் செய்த ஓடுகளைப் பதிப்போம். எங்கிருந்தாலும் உங்கள் கருத்தைச் சங்கத்துக்கு எழுதுங்கள், சகோதரிகளே. உளி வைக்குமுன் எழுதுங்கள்.