பரமார்த்த குருவும் பதினோரு வயதும்

ஐந்தாம் வகுப்பை முடித்த சிறுவன் ஆறாம் வகுப்பில் அடியெடுத்து வைக்கிறான். நிலாவைக் காட்டிப் பாடினால் நகைப்பான். நீதியை நீட்டி முழக்கினால் நழுவுவான். பாட்டு வயது போயிற்று. பருவ வயது வரவில்லை. ‘ஏன்?’ என்ற சொல் அவன் நாவில் நடமாடும் காலம் இது. அந்தச் சொல் வளர்ந்தால் அவன் ஆராயும் மனிதனாவான். வாடினால் மந்தையில் ஒருவனாவான். அந்த வயதுக்கு நாம் கொடுத்த கதைகள் யாவை? கொடுக்க வேண்டியவை யாவை? வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்போம், தோழர்களே!

“கதைதானே! அதில் என்ன பெரிய காரியம் இருக்கிறது?” என்பார் உண்டு. இந்த நாட்டில் கதை செய்ததைக் கத்தியும் செய்ததில்லை. ஒருவன் முகத்தில் பிறந்தான், ஒருவன் காலில் பிறந்தான் என்று சொன்னது கதை. வில் கற்ற வேடன் மகனிடம் கட்டைவிரலைக் கேட்டு வாங்கிய ஆசானை வணங்கச் சொன்னதும் கதை. சட்டம் வந்து தடுக்கும். காவலர் வந்து கேட்பார். ஆனால் பாட்டி மடியில் கேட்ட கதையை எந்தக் காவலர் வந்து கேட்பார்? நெஞ்சில் இளமையில் புகுந்தது நரை வரும்வரை நீங்குவதில்லை. ஆகவேதான், சிறுவன் கையிலுள்ள கதைநூல் சீர்திருத்தக்காரனின் கவலைக்குரிய பொருளாகிறது.

தமிழ் உரைநடையில் சிறுவர் சுவைக்கும் கதைகளைத் தேடிப் போனால் முதலில் எதிர்ப்படுபவர் யார் தெரியுமா? பரமார்த்த குரு! இத்தாலியில் 1680இல் பிறந்து, தமிழகம் வந்து, தமிழ் கற்று, தமிழராகவே வாழ்ந்து 1747இல் மறைந்த வீரமாமுனிவர் எழுதிய கதை அது. எகர ஒகரக் குறில் நெடில்களுக்கு வேறுபாடு காட்டி நம் எழுத்தைத் திருத்திய அதே கைதான் இந்தச் சிரிப்பையும் எழுதியது. குருவுக்குச் சீடர் ஐவர்: மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன். ஆறு உறங்குகிறதா விழித்திருக்கிறதா என்று கொள்ளிக்கட்டையை நீரில் தோய்த்துப் பார்க்கிறார்கள். கரையேறியதும் தலைகளை எண்ணுகிறார்கள். எண்ணுபவன் தன்னை விட்டுவிட்டு எண்ணுவதால், ஒருவனை ஆறு விழுங்கிவிட்டதாக ஒப்பாரி வைக்கிறார்கள். பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று நம்பிக் காசு கொடுத்து வாங்குகிறார்கள்.

எழுதியவர் சமயத் துறவி. ஆனால் கதை போதிப்பது என்ன? குரு என்பதற்காகவே ஒருவர் சொல்வது மெய்யாகிவிடாது! எண்ணிப் பார், எண்ணும்போது உன்னையும் சேர்த்து எண்ணு! பதினோரு வயதுக்கு இதைவிடப் பகுத்தறிவுப் பாடம் வேறென்ன வேண்டும்? ஆனால் இந்தச் சிரிப்பு அச்சேறியது எங்கே? பாபிங்டன் என்பவர் ஆங்கில மொழிபெயர்ப்போடு இதை 1822இல் லண்டனில் வெளியிட்டார். முனிவர் மறைந்து 75 ஆண்டுகள் ஆகியிருந்தன. தமிழ்ச் சிறுவனைச் சிரிக்கவைக்கப் பிறந்த கதை, தமிழ் பயிலும் வெள்ளையருக்கு வாசகநூலாகக் கப்பலேறிற்று. ஏன்? அன்று நம் சிறுவர்களில் எழுத்தறிந்தோர் எத்தனை பேர்? படிக்கும் உரிமையே சிலருக்கென இருந்த நாட்டில் சிறுவர் நூல் யாருக்காக அச்சாகும்?

அடுத்து, 1826இல் தாண்டவராய முதலியார் மராத்தியிலிருந்து ‘பஞ்சதந்திர’த்தை உரைநடைத் தமிழாக்கினார். நரியும் காகமும் ஆமையும் பேசும் கதைகள்; சுவைக்குக் குறைவில்லை. ஆனால் அந்தக் கதைகள் யாருக்குச் சொல்லப்பட்டன என்பதை நூலே சொல்கிறது: அறிவு மந்தமான அரசகுமாரர் மூவருக்கு! அரசன் மகனுக்கு ஆசிரியர் வந்து கதை சொன்னார். உழவன் மகனுக்கு, சலவை செய்பவன் மகனுக்கு, சவரம் செய்பவன் மகனுக்குக் கதை சொல்ல யார் வந்தார்?

கடல் கடந்து ஒரு பார்வை பார்ப்போம். இங்கிலாந்தில் 1870இல் தொடக்கக் கல்விச் சட்டம் பிறந்தது. ஏழை வீட்டுப் பிள்ளையும் எழுத்தைக் கற்றான்; கற்றவன் கதை கேட்டான்; இதழ்கள் முளைத்தன. அப்படி ஓர் இளைஞர் இதழில் தொடராக வந்து 1883இல் நூலானது ஸ்டீவன்சனின் ‘புதையல் தீவு’. அதன் நாயகன் இளவரசன் அல்லன்; விடுதி நடத்தும் குடும்பத்துப் பையன். வரலாறு கற்பிப்பது இதுதான்: பள்ளிக் கதவு திறந்தால் கதைக் கதவும் திறக்கும், சாமானியன் படிக்கத் தொடங்கினால் சாமானியனே கதைத் தலைவனாவான்.

நம் நாட்டில் அந்தக் கதவு திறந்த கதை போராட்டக் கதை. 1948இல் கல்வி அமைச்சர் அவினாசிலிங்கம் காலத்தில் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் வந்தது. சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்தது. மாடி வீட்டுக்காரர் கட்டும் வரியில் குடிசைப் பிள்ளை படிக்கும் வழி பிறந்தது. ஆனால் 1953இல் என்ன நடந்தது? கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் பாதி நேரம் படிப்பு, மீதி நேரம் அப்பன் தொழில் என்றொரு திட்டம் ஆட்சியாளரால் புகுத்தப்பட்டது. குலக்கல்வி என்று அதற்குப் பெயரிட்டு நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. 1954இல் காமராசர் முதலமைச்சரானதும் திட்டம் கைவிடப்பட்டது. 1956இல் பள்ளிகளில் மதிய உணவு தொடங்கியது. வயிற்றுக்குச் சோறு வந்தது. வகுப்பறைக்குப் பிள்ளை வந்தான்.

இதே காலத்தில்தான் சிறுவர் கதையும் செழித்தது. 1947 சூலையில் ‘அம்புலிமாமா’ வந்தது. மன்னர், மாயம், வேதாளம் என்று நம்மவர் முகம் சுளிக்கலாம். பேயும் பிசாசும் உண்டென்று பிள்ளை நம்பினால் கேடுதான், மறுக்கவில்லை. ஆனால் வேதாளம் கதையின் முடிவில் என்ன செய்கிறது? கேள்வி கேட்கிறது! விடை தெரிந்தும் வாய் மூடியிருந்தால் தலை வெடிக்கும் என்கிறது! முடிச்சை அவிழ்க்கச் சிறுவன் தானே சிந்திக்கிறான். பேயைக் கழித்துவிட்டுக் கேள்வியை வைத்துக்கொள்ளக் கற்றுக் கொடுப்பது ஆசிரியர் கடமை.

1950இல் அழ. வள்ளியப்பாவின் முயற்சியால் குழந்தை எழுத்தாளர் சங்கம் எழுந்தது, ‘சக்தி’ வை. கோவிந்தன் தலைமை ஏற்றார். அதே ஆண்டில் ‘கண்ணன்’ இதழ் பிறந்து 1972 வரை நடந்தது. பெ. தூரன் ‘கொல்லிமலைக் குள்ளன்’, ‘மாயக்கள்ளன்’, ‘சூரப்புலி’ என்று சிறுவர்க்கென்றே நெடுங்கதைகள் தந்தார். அவரே தலைமைப் பதிப்பாசிரியராக இருந்து 1968 முதல் 1976 வரை பத்துத் தொகுதிகளாகக் குழந்தைகள் கலைக்களஞ்சியத்தையும் கொணர்ந்தார். ஒரு கையில் கற்பனை, மறு கையில் கலைக்களஞ்சியம்! இரண்டும் பகையல்ல என்பதற்கு அவரே சான்று.

இனி, இன்றைய ஆறாம் வகுப்புக்கு வருவோம். நாம் வாழும் சிறுசேரியில் தகவல் தொழில்நுட்பப் பூங்காவின் கண்ணாடிக் கட்டடங்கள் வானை அளக்கின்றன. அந்தக் கட்டடத்தில் கணிப்பொறி இயக்குபவர் மகனும், அதே கட்டடத்தின் வாயிலைக் காப்பவர் மகனும் இந்த வட்டாரத்தில்தான் வளர்கிறார்கள். முன்னவன் வீட்டில் புத்தக அலமாரி இருக்கக்கூடும். பின்னவனுக்குப் பாடநூலைத் தவிர வேறு நூல் பள்ளியில் கிடைத்தால் உண்டு, இல்லையேல் இல்லை. அப்பன் காவலர் என்றால் மகனும் காவலர்தானா? அரசு 1954இல் கைவிட்ட குலக்கல்வி, நூல் இல்லாத வீட்டில் சத்தமில்லாமல் நடந்துகொண்டிருக்கிறது. பிறந்த வாழ்வுக்கு அப்பால் வேறொரு வாழ்வும் உண்டென்று அவனுக்கு முதலில் காட்டுவது கதைதான்.

நல்ல நூல்களுக்குப் பஞ்சமில்லை. சாகித்திய அகாதெமி 2010 முதல் சிறுவர் இலக்கியத்துக்குத் தனிப் பரிசு வழங்குகிறது. தமிழில் முதலில் பெற்றது மா. கமலவேலனின் ‘அந்தோணியின் ஆட்டுக்குட்டி’. 2014இல் பெற்றது இரா. நடராசனின் ‘விஞ்ஞான விக்கிரமாதித்தன் கதைகள்’. வேதாளத்தின் கேள்வி அறிவியலின் பக்கம் திரும்பிவிட்டது, பாருங்கள்! 2023இல் பெற்ற உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ கீழடியின் தொன்மையைச் சிறுவர்க்குச் சொல்கிறது; புராணம் அல்ல, புதைகுழி காட்டும் சான்று அங்கே பேசுகிறது. 2020இல் பெற்ற யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’, பெண் குழந்தை தன் உடலுக்குத் தானே உரியவள் என்று உணர்த்துகிறது. “அது பெண்பிள்ளைகள் நூலாயிற்றே, பையன்களுக்கு எதற்கு?” என்று கேட்பவர்க்கு நம் விடை: பையன்களுக்குத்தான் முதலில்! பெண்ணின் அச்சத்தைப் பதினோரு வயதில் படித்தறிந்தவன், இருபது வயதில் அந்த அச்சத்துக்குக் காரணமாகான்.

2022 முதல் பள்ளிக் கல்வித்துறை ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு மாணவர்க்கென ‘தேன்சிட்டு’ இதழைத் தந்துள்ளது. மகிழ்கிறோம். ஆனால் அரசு தருவதை மட்டும் எதிர்பார்த்துக் கைகட்டி நிற்பது இயக்கத்தார்க்கு அழகா? ஒருவர் உரக்கப் படிக்க, எழுத்தறியாதார் சூழ்ந்திருந்து கேட்ட படிப்பகங்கள் நம் முன்னோடிகள் அமைத்தவை. இன்று நம் படிப்பகங்களில் நாளேடு உண்டு. தலைவர் நூல் உண்டு. தேர்வு நூலும் உண்டு. பதினோரு வயதுப் பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு கதைத் தட்டு உண்டா?

இல்லையெனில் இந்த வாரமே வையுங்கள், தோழர்களே! பத்து நூல் போதும். முதல் நூல் பரமார்த்த குருவாக இருக்கட்டும். பூட்டு வேண்டாம், கண்டிப்பும் வேண்டாம். எடுத்துப் போன நூல் கிழிந்து திரும்பினால் வருந்த வேண்டாம். கிழியாமல் கிடந்தால் வருந்துங்கள். படித்துவிட்டு வரும் சிறுவனிடம் நீதி என்ன என்று கேட்காதீர்கள். “இதை நீ நம்புகிறாயா? ஏன்?” என்று மட்டும் கேளுங்கள்.